துடுப்பைக் கையில் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களில் பலர் யாரிடமும் வாய் திறப்பதில்லை. எதிரே உட்கார வைத்து, "உனக்கு என்ன பிரச்சினை, சொல்லு" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். இப்படிப்பட்ட பிள்ளைகளோடு படகோட்டும் பயிற்சியில் பழகி வருகிறேன். அவர்களைத் தண்ணீரில் இறக்கி, கையில் ஒரு வேலையைக் கொடுத்து, நம்பகமான பெரியவர் ஒருவரும் கூடவே இறங்கினால் பூட்டிய வாய் திறக்கிறது.

இரண்டு பேர் ஓட்டும் கயாக் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். துடுப்பின் வேகம் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவர் அதற்கு ஒத்துப் போட்டபடி திசையைப் பார்த்துக்கொள்வார். கை ஒத்துவராவிட்டால் துடுப்புகள் இடித்துக்கொள்ளும், படகு கோணிக்கொண்டு போகும். அதனால் பேசியே ஆக வேண்டும். முதலில் "இடது, வலது", "கொஞ்சம் மெதுவா" என்ற அளவில்தான். கொஞ்ச நேரம் போனதும், முன்னால் இருக்கும் பிள்ளை திரும்பிப் பார்க்காமலே வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லும். முகத்துக்கு நேரே யாரும் இல்லை, கைக்கு வேலை இருக்கிறது, பேச்சு தானாக வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் தயவுசெய்து அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். துடுப்புப் போட்டுக்கொண்டே காது கொடுங்கள்.

அப்புறம், கவிழும் பயிற்சி. கரைக்குப் பக்கத்தில், தலை தரையில் இடிக்காத ஆழத்தில், படகை வேண்டுமென்றே கவிழ்ப்போம். லைஃப் ஜாக்கெட் ஆளை மேலே தூக்கிவிடும். ஆனாலும் மூச்சு வாங்கும், கண் மிரளும். "படகை விடாதே, மூச்சை மெதுவா விடு" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருப்போம். பதற்றம் ஏறி, உச்சிக்குப் போய், தானே தணிவதை அந்தப் பிள்ளை தன் உடம்பிலேயே பார்க்கிறது. தேர்வு என்றாலே நெஞ்சு படபடக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் நிறுவன அதிபர் லாரன்ஸ் ஹோல்ட்டும் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி, இளம் மாலுமிகளின் மனத்திடத்தையும் வளர்க்கவே வந்தது. இன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வேவ்ஸ் ஃபார் சேஞ்ச் அமைப்பு, வன்முறைக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு (சர்ஃபிங்) வழியாக மனநல உதவி செய்கிறது. பயிற்சியாளர்கள் அந்தப் பகுதி இளைஞர்களே. வாராவாரம் அதே முகத்தைப் பார்ப்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு நாள் உல்லாசமாகக் கூட்டிப் போய், மறு வாரம் யாரும் வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு ஏமாற்றம்தான் மிச்சம்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டும், உயிர்காப்புப் பயிற்சி பெற்ற ஒருவரும் இல்லாமல் இறங்கவே கூடாது. சில்லென்ற நீரில் குதித்தால் மனசு தெளியும் என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டுச் சிலர் குதிக்கிறார்கள். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தன்னையறியாமல் உள்ளே இழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. வலிப்பு உள்ளவர்களும், தூக்கம் வரவைக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே வர வேண்டும். மருந்தைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகில் ஒரு பிள்ளை "வாழவே பிடிக்கல" என்று சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கரையேறியதும் தனியே விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக ஏற்பாடு செய்யுங்கள். எங்கே போகிறோம், யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதை அந்தப் பிள்ளையிடமே முதலில் சொல்லுங்கள்.

வணக்கம்.