அலூட்டிக் மக்களின் செடி அறிவை ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் போதாதா?

போன வீடியோவில் அலாஸ்காவின் பூர்வகுடிகளான அலூட்டிக் மக்களைப் பற்றிப் பேசியிருந்தேன். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "செடி, மீன், விலங்கு பற்றி அவர்களுக்குத் தெரிந்ததை ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டால் போதுமே, மொழியையும் ஏன் காப்பாற்ற வேண்டும்?"

நல்ல கேள்வி. எழுதி வைக்க வேண்டியதுதான். ஆனால் அது போதாது.

அவர்கள் வாழும் கோடியாக் தீவில் கவ் பார்ஸ்னிப் என்று ஆளுயரம் வளரும் ஒரு செடி உண்டு. அதன் இளந்தண்டைத் தோல் உரித்துச் சாப்பிடுவார்கள். 'உண்ணலாம்' என்று புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிடலாம். ஆனால் அந்தச் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பிவிடும். எப்போது பறிப்பது, எப்படி உரிப்பது என்பதைப் பாட்டி பக்கத்தில் நின்றுதான் காட்டித் தர முடியும். அந்தப் பேச்செல்லாம் அலூட்டிக் மொழியில்தான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேசிய பிள்ளைகளைத் தண்டித்தார்கள். அவர்களில் பலர் பெற்றோரான பிறகு வீட்டிலும் ஆங்கிலமே பேசினார்கள். செடி இன்னும் அங்கேயேதான் முளைக்கிறது, காட்டித் தரும் பேச்சுதான் அறுந்துபோனது.

அந்தக் காலத்துத் திமிங்கில வேட்டையையும் பாருங்கள். சித்த மருத்துவத்தில் நாபி என்கிறோமே, அதே இனத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து விஷம் எடுத்து, கல்முனை ஈட்டியில் தடவி, சின்னத் தோல் படகிலிருந்து எறிவார்கள். அப்புறம் திமிங்கிலம் செத்துக் கரை ஒதுங்கும்வரை காத்திருப்பார்கள். எவ்வளவு துணிச்சல்! அந்தப் பக்குவத்தை வேட்டைக்காரர்கள் ரகசியமாகக் காத்தார்கள். அந்த வேட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படித்து யாரும் வேட்டைக்காரர் ஆக முடியாது.

1989இல் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, சிப்பி, மீன் எல்லாம் கெட்டிருக்குமோ என்ற பயத்தில் பல ஊர்களில் அவற்றைச் சேகரிப்பதே குறைந்துபோனது. பெரியவர்கள் கடற்கரைக்குப் போகாவிட்டால் பிள்ளைகள் யாரைப் பார்த்துக் கற்பார்கள்? எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது.

அந்த விபத்துக்கான இழப்பீட்டு நிதியின் உதவியோடுதான் 1995இல் கோடியாக்கில் அலூட்டிக் அருங்காட்சியகம் திறந்தது. வாரம் ஒரு சொல் என்று எடுத்து, செடி, பறவை, மீன் பற்றியெல்லாம் விளக்கி, உச்சரிப்பையும் பதிவுசெய்து அவர்கள் வெளியிடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.