வறுபடும் வாசனைக்கு வந்த தடை

காபிக்கு வந்த தடைகளைப் பற்றிப் பேசுபவர்கள் 1511-இல் மெக்காவில் தொடங்குவது வழக்கம். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் காபிக் கடைகளை மூடச் சொன்னது 1675 டிசம்பர் 29-இல். எதிர்ப்பு கிளம்பியதும், ஆணை அமலாவதற்கு இரண்டு நாள் முன்பே பின்வாங்கிவிட்டார். அவர்கள் கைவைத்தது கடையில். இன்று நான் பேச வந்தது, அடுப்படி வரைக்கும் போன பிரஷ்ய அரசைப் பற்றி; இன்றைய ஜெர்மனிப் பகுதியில் இருந்த முடியரசு அது.

காரணம் பணம்தான். பிரஷ்யாவில் காபி விளையாது, விளையும் குடியேற்ற நாடும் அதற்குக் கிடையாது. கொட்டை உள்ளே வந்தால் வெள்ளி வெளியே போகும். மன்னர் இரண்டாம் பிரெடரிக் வரியை ஏற்றிப் பார்த்தார், கடத்தல் பெருகியது. 1781-இல் வறுக்கும் உரிமையையே அரசு எடுத்துக்கொண்டது. பிரபுக்கள், படை அதிகாரிகள், பாதிரிமார் போன்றவர்களுக்கு மட்டும் உரிமச் சீட்டு. மற்றவர்கள் அரசு வறுத்து விற்பதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும்.

ஏன் வறுப்பதைப் பிடித்தார்கள்? பச்சைக் கொட்டைக்குக் காபி மணமே கிடையாது. மூட்டையாகப் பரணில் ஏற்றி வைத்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. வாணலியில் போட்டுக் கிளறினால் முதலில் ஈரம் வற்றும், வைக்கோல் வாடை வரும். மஞ்சளாகும்போது ரொட்டி மணம். சூடு சுமார் 200 டிகிரியை நெருங்கும்போது கொட்டை படபடவென்று வெடிக்கும். அப்போதுதான் காபி மணமும் புகையும் சேர்ந்து எழும். ஜன்னலைச் சாத்தினாலும் புகைபோக்கி வழியே தெருவுக்குப் போய்விடும். ஒளிக்க முடியாத கட்டம் அது ஒன்றுதான்.

அந்த மணத்தைத் தேட, ஏழாண்டுப் போரில் ஊனமுற்ற சிப்பாய்கள் சுமார் 400 பேரை அமர்த்தினார்கள். ஜனங்கள் அவர்களைக் காபி மோப்பக்காரர்கள் என்றார்கள். வீடு புகுந்து சோதிக்க அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. நாட்டுக்காக உடம்பைக் கொடுத்தவர்களைத் தெருத்தெருவாக மூக்கைத் தூக்கிக்கொண்டு அலையவிட்டது, தடையைவிட எனக்குக் கொடுமையாகப் படுகிறது. பிரபு வீட்டு வாணலியில் குற்றமில்லாத மணம், தையல்காரர் வீட்டில் குற்றம். இதை எந்த ஊர்தான் ஏற்கும்? பிரெடரிக் 1786-இல் இறந்தார். அடுத்த ஆண்டே அந்த ஏகபோகம் போனது.

போகாமல் நின்றது சிக்கரி என்ற செடியின் வேர். விலை எட்டாதவர்கள் அந்த வேரைக் கழுவி, நறுக்கி, உலர்த்தி, வறுத்துப் பொடித்துக் குடித்தார்கள். அதில் காஃபீன் இல்லை. ஆனால் வேரிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்து வறுபடும்போது கருகிச் சிவந்து, நிறத்தையும் கசப்பு கலந்த இனிப்பையும் தருகிறது. காபியைவிட அதிகமாக நீரில் கரைவதால் டிகாக்ஷனும் கெட்டியாக இறங்கும்.

பொடிக் கடையில் நாம் '80-20' என்று கேட்கிறோமே, அந்த 20 இதே வேர்தான். இந்திய விதிப்படி கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது; எது எவ்வளவு என்பதைப் பாக்கெட்டின் மேலேயே அச்சிட வேண்டும்.