புகார் ஏதும் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். பேச வரச் சொன்னபோது எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று விதிகள் எழுதி வைத்திருக்கிறோமே, அதைப் பற்றி என்றேன். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கனமாக இருக்குமோ என்று தயங்கினார்கள். இருக்காது. பந்தியில் உட்காருவது, பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது, ஆய்வுக்கூட மேசையில் யார் எந்தப் பக்கம் நிற்பது, இவ்வளவுதான் விஷயம். எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள். கடைசி ஏழு வருடம், நான் வேலை பார்த்த கல்லூரியில் சமவாய்ப்பு மையத்தின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. வருடா வருடம் ஒரு படிவம் வரும். அதில் ஒரு கட்டம்: சாதிப் பாகுபாடு குறித்து இந்த ஆண்டு வந்த புகார்களின் எண்ணிக்கை. நான் எழுதுவேன்: இல்லை. அடுத்த வருடமும் இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. நம் கல்லூரியில் அந்தப் பிரச்சினையே கிடையாது என்று நம்பித்தான் எழுதினேன், மனதுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அந்த "இல்லை" என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

வேதியியல் பிராக்டிகல் எப்படி நடக்கும் என்று படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று, பியூரெட் என்போம், அதன் அடியில் ஒரு திருகு. இடது கையால் திருகைத் திறக்க வேண்டும், வலது கையால் கீழே இருக்கிற குடுவையைச் சுழற்ற வேண்டும், சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஏதோ ஒரு சொட்டில் நிறம் மாறும். அந்த ஒரு சொட்டைப் பிடிப்பதுதான் வித்தை. புத்தகத்தில் படித்து வராது, கை பழக வேண்டும். எங்களிடம் சாமான் குறைவு, அதனால் நான்கு பேருக்கு ஒரு பியூரெட். யார் யார் சேர்ந்துகொள்கிறீர்களோ சேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடுவோம்.

ஒரு வருடம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். வீட்டில் அம்மாவும் பாட்டியும் பீடி சுற்றுகிறவர்கள், அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவள்தான். நல்ல கையெழுத்து. ரெக்கார்டு நோட்டு அச்சடித்த மாதிரி இருக்கும். வருடக் கடைசியில் பிராக்டிகல் தேர்வு, அன்றைக்கு ஆளுக்கொரு பியூரெட், தனித்தனியாகச் செய்ய வேண்டும். அவள் அந்தத் திருகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கை நடுங்குகிறது, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் வேர்த்துவிட்டது.

பிறகுதான் விசாரித்தேன். வருடம் முழுக்க அவளை அந்தக் குழாயைத் தொடவே விடவில்லை. மற்ற மூன்று பேர் செய்வார்கள், இவள் அளவை எழுதுவாள், முடிந்ததும் குடுவைகளையெல்லாம் கழுவி வைப்பாள். வாரா வாரம் அவள்தான் கழுவினாள். நான் அதே அறையில்தான் இருந்தேன், மேசை மேசையாகச் சுற்றி வந்துகொண்டு. ஒரு பிள்ளை எப்போதும் தொட்டிப் பக்கமே நிற்கிறாளே என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றவில்லை. "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "சொல்லிட்டு அவங்க கூடத்தான மேடம் தினமும் பஸ்ஸில போகணும்."

அந்த வருடப் படிவத்திலும் புகார் இல்லை என்றுதான் போயிருக்கிறது.

நம் ஊரில் ஒரு கேள்வி உண்டு. புதிதாக ஒருவரைப் பார்த்தால், "எந்த ஊரு?" என்போம். ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்போம். பாசமாகக் கேட்கிறோம், சொந்தம் கொண்டாடக் கேட்கிறோம் என்றுதான் எல்லோரும் சொல்வோம், ஆனால் தெருப் பெயர் தெரிந்ததும் நம் குரல் கொஞ்சம் மாறுகிறதா இல்லையா? கேட்கிறவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், பதில் சொல்கிறவருக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று கல்லூரிக்குள் வந்த முதல் நாள் முதல் மணி நேரத்தில் சந்திக்கிற கேள்வி அது. அதற்குப் பிறகுதான் யார் எந்த மேசை, யார் யாரோடு சாப்பிடுவது எல்லாம் தானாக முடிவாகிறது.

சாப்பிடுவது என்றதும் சேரன்மகாதேவி ஞாபகம் வருகிறது. இதை நான் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் சொல்வேன், இன்றைக்கும் சொல்லத்தான் போகிறேன். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ரயிலில் போகிறவர்கள் தினமும் தாண்டிப் போகிற ஊர். அங்கே 1922-ல் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். லண்டனுக்குப் போய்ப் புரட்சிக்காரர்களோடு இருந்தவர், தேசத்துக்காக எல்லாவற்றையும் விட்டவர், தமிழில் பெரிய எழுத்தாளர். நம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில், கைத்தொழிலோடு சேர்த்துப் படிப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தொடங்கிய இடம் அது. எல்லாச் சாதிக்காரர்களும் பணம் கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்தது. அப்போதைய ஐயாயிரம், யோசித்துப் பாருங்கள். பொதுப்பணம். அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், ஐயர் சரி என்றுவிட்டார்.

ஐயர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவே மாட்டேன். இரண்டே இரண்டு பிள்ளைகள்தானே, ஒரு சின்னச் சலுகைதானே என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர்கள் பாகுபாட்டை அப்படித்தான் உள்ளே விடுகிறார்கள்.

சரி, அது எப்படி வெளியே வந்தது? இதுதான் நான் சொல்ல வந்த இடம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான், அவன் போய் அப்பாவிடம் சொன்னான் என்று சொல்வார்கள். ஓமந்தூரார் யார்? பின்னாளில் சென்னை மாகாணத்துக்கே முதல்வராக இருந்தவர். விஷயம் அப்போது காங்கிரஸில் இருந்த பெரியார் காதுக்கும் வரதராஜுலு நாயுடு காதுக்கும் போயிற்று, நாடு முழுக்கப் பேச்சாயிற்று, காந்தி வரைக்கும் போயிற்று. அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த 1925-ல், ஜூன் மாதம், பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். அதே வருடக் கடைசியில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்கான, அதாவது ஒவ்வொரு வகுப்பாருக்கும் உரிய பங்கு வேண்டும் என்ற, தீர்மானத்தைக் காங்கிரஸின் காஞ்சிபுரம் மாநாட்டில் எடுத்துக்கொள்ளவில்லை என்று பெரியார் காங்கிரஸை விட்டே வெளியே வந்தார்.

இவ்வளவும் நடந்தது ஒரு பையன் அப்பாவிடம் சொன்னதால். சொன்னால் அந்த அப்பா போய்க் கேட்பார், அவர் கேட்டால் நாலு பேர் பதில் சொல்லியாக வேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தெரியும். முக்கூடல் பக்கத்துப் பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்? அவள் அம்மா கல்லூரி வாசலுக்கு வருவதற்கே அரை நாள் கூலியை விட வேண்டும். அந்த அப்பாவின் இடத்தில் ஒரு ஆளை நிறுத்துவதுதான் விதியின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

விதி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே ஒழுங்குமுறை போட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையம் வேண்டும், பாகுபாட்டுப் புகார்களுக்கென்று ஒரு அலுவலர் வேண்டும் என்றது. அதைப் படித்தால் எவ்வளவு சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும். வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லக்கூடாது, "ரிசர்வ் கோட்டா" என்று முத்திரை குத்தக்கூடாது, நூலகத்தில் புத்தகம் கொடுப்பதில் வேற்றுமை காட்டக்கூடாது, விடுதியில், சாப்பாட்டுக் கூடத்தில், விளையாட்டு மைதானத்தில் பிரித்து வைக்கக்கூடாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு பிள்ளையைச் சும்மா நிற்க வைக்கக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அந்த வரியைப் பிற்பாடு நிதானமாகப் படித்தபோது அந்தக் கழுவு தொட்டிதான் கண் முன்னால் வந்தது. விதி எனக்கு முன்னாலேயே அதைப் பார்த்திருக்கிறது.

புகார் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் நம் பக்கத்தில் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்ட், நாங்குநேரி. தன்னைத் தொல்லை செய்த சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பிள்ளையை, அன்றிரவே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயரிலிருந்து சாதிப் பெயரை எடுங்கள், கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்ட விடாதீர்கள் என்றெல்லாம் சொன்னது. எல்லாம் தேவைதான். நான் இன்னொன்றும் கேட்கிறேன். சொன்ன பிள்ளை அன்று மாலை பத்திரமாக வீடு போய்ச் சேர யார் பொறுப்பு? அடுத்த நாள் பஸ்ஸில் ஏற யார் பொறுப்பு? அதற்குப் பதில் இல்லாத வரைக்கும் படிவத்தில் "இல்லை" என்றுதான் வந்துகொண்டிருக்கும்.

இட ஒதுக்கீடு இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 69 சதவீதம். அதன் வேர் 1921-ல் நீதிக்கட்சி அரசு போட்ட வகுப்புவாரி ஆணையில் இருக்கிறது. அந்தக் கதவு திறக்காவிட்டால் அந்தப் பிள்ளை ஆய்வுக்கூடத்துக்கே வந்திருக்க மாட்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கதவு பியூரெட்டைக் கையில் கொடுக்காது. கொடுக்க வேண்டியது உள்ளே இருக்கிற நாங்கள்.

அமெரிக்காவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். பாகுபாடு கூடாது என்று அங்கே இருக்கிற விதிகள் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டங்களின் வழியாக வந்தவை. நம் சாதியும் பிள்ளைகளோடு விமானம் ஏறிப் போய்விட்டதால், அப்போது 23 வளாகங்கள் இருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் சாதியையும் சேர்த்தது. அதே நாட்டில் டெக்சாஸ் மாநிலம், அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மைக்கும் சமத்துவத்துக்கும் என்று தனி அலுவலகமே இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டு, 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து மூட வைத்தது. தனி அலுவலகம் வைத்தால் பிள்ளைகளைப் பிரிப்பது போலாகிறது, எல்லோருக்கும் ஒரே விதி போதும் என்பது அவர்கள் வாதம். நேர்மையாக அப்படி நினைப்பவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் படித்த ஒருத்தி அந்த மாநிலத்தில்தான் ஆராய்ச்சி செய்தாள். அங்கே தமிழர்கள் வைத்த தீபாவளி விருந்தில் ஒருவர் அவளிடம் கேட்ட இரண்டாவது கேள்வி, "திருநெல்வேலியில எந்தத் தெரு?" அவள் அதைச் சொன்னபோது எனக்கு அந்த வாதம் ஏறவில்லை. பிரிவு ஏற்கெனவே மேசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. அலுவலகத்தை மூடினால் அதைச் சொல்லப் போகிற இடம்தான் போகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பற்றித் தனியாகவே பேச நினைத்தேன். 2016 சட்டப்படி அவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் உண்டு, சீட்டு கிடைத்த பிறகு மாடியில் வகுப்பு வைத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும், அது இன்னொரு நாள். திருநங்கை மாணவிகள் பற்றியும் அப்படியே. உதவித்தொகை வரத் தாமதமானாலும் கட்டணத்துக்காகத் தேர்வுச் சீட்டை நிறுத்திவைக்காதீர்கள் என்று கல்லூரி அலுவலகங்களில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வுக்கூடம் எடுக்கிற ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், குழுவை நீங்களே பிரியுங்கள், வாரா வாரம் மாற்றுங்கள், கழுவுகிற முறையையும் எழுதிப் போடுங்கள். அந்தத் தேர்வுக்குப் பிறகு நான் அப்படித்தான் செய்தேன். உங்கள் வீட்டில் இந்த வருடம் யாராவது கல்லூரியில் சேர்ந்தால், முதல் வாரமே புகார் அலுவலர் யார், எந்த அறை என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தால் அதையும் எழுதி, தேதி போட்டு, கல்லூரி முதல்வர் அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.