படத்தை யார் ஓட்டுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சியில் வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் இப்போது வன்னியில் நிறையப் பேர். கமரா, எடிட்டிங், இசை எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும். "சரி, படத்தை யார் ஓட்டுவது? போட்ட காசு எப்படித் திரும்பும்?" என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களுக்காகத்தான் இன்று கே. குணரத்தினத்தைப் பற்றிப் பேச வந்தேன்.

கொழும்பில் சினிமாஸ் லிமிட்டெட் நிறுவனத்தை நடத்திய தமிழர் அவர். இந்தியப் படங்களை இறக்கி விநியோகித்தார், தியேட்டர்களும் வைத்திருந்தார். சிங்களப் படங்களும் தயாரித்தார். 1953இல் 'சுஜாதா', 1960இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'சந்தேசய' இரண்டும் அவருடைய தயாரிப்புகள். வத்தளைக்குப் பக்கத்தில், ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவும் அவருடையது.

ஏன் இத்தனையும் ஒரே கையில்? டிக்கெட் காசைப் பாருங்கள். முதலில் வரி கழியும். பிறகு தியேட்டர்க்காரர் தன் பங்கை எடுப்பார், அப்புறம் விநியோகஸ்தர். மிச்சம்தான் தயாரித்தவருக்கு. வெறும் தயாரிப்பாளர் என்றால் வரிசையில் கடைசி ஆள். தியேட்டரும் விநியோகமும் கையில் இருந்தால், ஒரு படம் விழுந்தாலும் அடுத்த படம் வசூலைக் கொண்டுவரும். நடிகரின் முகத்தை நம்பிக் காசு போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. குணரத்தினத்தை நான் பெரிதாக மதிப்பது இதற்காகத்தான்.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. படம் இறக்குவதும் விநியோகிப்பதும் அதன் கைக்குப் போயின. தனியார் விநியோகஸ்தர்களுக்கு அது பெரிய அடி.

1983 ஜூலைக் கலவரத்தில் விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்த படச்சுருள்களும் சாம்பலாயின. ஒரு தமிழரின் சொத்து என்று வைத்த தீயில் சிங்கள சினிமாவின் சொத்தும் சேர்ந்து போனது. 1989இல் கொழும்பில் அவரையே சுட்டுக் கொன்றார்கள். இன்றைக்கும் இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

எரிந்த கடையை மறுபடி திறந்தவர்கள் வன்னியில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்கு வரவு செலவு தெரியும், கடன் கொடுக்கல் வாங்கல் தெரியும். பிள்ளைகளே, அவர்களில் ஒருவரை உங்கள் குழுவில் சேருங்கள். கமரா வாடகைக்கு எடுக்கப் போவதற்கு முதல், எந்த மண்டபத்தில் ஓட்டுவது, டிக்கெட் என்ன விலை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று அவரோடு இருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

வணக்கம்.