அந்தப் பதினைந்து நாளில் என்ன செய்கிறோம்?

ஆசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம். நீண்ட கோடை விடுமுறைக்குப் பதிலாக, பதினைந்து பதினைந்து நாளாக விடுமுறை விட்டு ஆண்டு முழுவதும் நடக்கும் தொடக்கப் பள்ளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

62இல் 38 போனால் எவ்வளவு? நீண்ட கோடை விடுமுறை கழித்து வரும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். சிலர் 36 என்று எழுதுவார்கள். எட்டில் இரண்டு போனால் ஆறு, ஆறில் மூன்று போனால் மூன்று. எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டு, நிம்மதியாகப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். கடன் வாங்கிக் கழிப்பது அவர்களுக்குப் போன வகுப்பில் தெரிந்ததுதான். கைப்பழக்கம் விட்டுப்போயிற்று.

அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கரைகிறது, அதிலும் வாசிப்பைவிடக் கணக்கே அதிகம் கரைகிறது என்றார்கள். இந்த இழப்பு அவ்வளவு பெரியதுதானா என்று பின்னால் வந்தவர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு என்பதில்தான் சண்டை. அந்த 36ஐப் பார்த்த ஆசிரியருக்கு அந்தச் சண்டையில் பெரிய அக்கறை இருக்காது.

இதற்கு மருந்தாகத்தான் ஆண்டு முழுவதும் நடக்கும் தொடக்கப் பள்ளியைச் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டதும் குழந்தைகளுக்கு ஓய்வே இல்லை என்று பலர் பதறுகிறார்கள். அப்படியில்லை. அமெரிக்காவில் இப்படி நடக்கும் பெரும்பாலான பள்ளிகளில் வேலை நாட்கள் அதே 180தான். வார இறுதிகளைச் சேர்க்காமல் 45 நாள் வகுப்பு, 15 நாள் விடுமுறை, இப்படி நான்கு சுற்று. கோடை விடுமுறையைத் துண்டுபோட்டு ஆண்டு முழுவதும் பரப்பிவிடுகிறார்கள், அவ்வளவே.

இலினாய் மாநிலத்தின் வேலி வியூ பள்ளி மாவட்டம் 1970இல் இந்த 45-15 முறைக்கு மாறியது. காரணம் படிப்பு அல்ல, இடநெருக்கடி! மாணவர்களை நான்கு அணியாகப் பிரித்து, எப்போதும் ஓர் அணி விடுமுறையில் இருக்கும்படி வைத்தால், 750 பேருக்கான கட்டடத்தில் 1000 பேரைச் சேர்க்கலாம். கலிபோர்னியாவில் இது இன்னும் மோசமான உருவம் எடுத்தது. நெரிசல் மிகுந்த சில பள்ளிகளில் ஆண்டுக்கு 163 நாட்கள்தான் வகுப்பு. 2004இல் ஒரு வழக்கின் சமரசத்துக்குப் பிறகே அந்த ஏற்பாட்டைக் கைவிட முடிவானது. கட்டடத்துக்காகப் பிறந்த திட்டம் மதிப்பெண்ணை உயர்த்தவில்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்?

சமூகவியலாளர் பால் வான் ஹிப்பல் வழக்கமான பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆண்டு முழுவதும் நடக்கும் பள்ளிக் குழந்தைகள் கோடையில் கூடுதலாகக் கற்றார்கள், மற்ற மாதங்களில் அந்த அளவுக்குக் குறைவாகக் கற்றார்கள். ஆண்டுக் கணக்கில் வேறுபாடு இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. நாட்களை இடம் மாற்றினோம். நாட்களின் எண்ணிக்கையை மாற்றவில்லையே.

ஆனாலும் நான் இந்த முறைக்கு ஆதரவாளன்தான். அந்தப் பதினைந்து நாள் இடைவெளிதான் காரணம். 36 என்று எழுதிய குழந்தையை வழக்கமான பள்ளியில் கோடை வரும்வரை காத்திருந்து கைதூக்கிவிடப் பார்க்கிறோம். அதற்குள் வகுத்தலும் பின்னமும் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. இந்த முறையில் ஒன்பதாவது வாரம் முடிந்ததுமே, அந்த இடைவெளியில் கூடுதல் வகுப்பு வைத்துப் பிடித்துவிடலாம். ஐந்தாறு குழந்தைகள், ஒரு மேசை, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள். ஒரு கட்டுக் குச்சிகளை அவிழ்த்து, தனியாக இருக்கும் இரண்டோடு சேர்த்தால் பன்னிரண்டு. அதில் எட்டை எடு. குழந்தை தன் கையாலேயே ரப்பர் வளையத்தைக் கழற்ற வேண்டும். நாம் கழற்றிக் காட்டினால் தலையாட்டும், மறுநாள் மறுபடி 36 எழுதும். வகுப்பாசிரியர் அனுப்பும் குறிப்பிலும் "கணக்கில் பலவீனம்" என்று எழுதினால் பயனில்லை. எந்த இடத்தில் தடுக்குகிறது என்று எழுத வேண்டும்.

ஆசிரியர்களும் களைத்திருப்பார்கள், அவர்களுக்கும் விடுப்பு வேண்டும், முறைவைத்துச் சமாளிக்கலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கூடுதல் வகுப்பு யாருக்கு அதிகம் தேவையோ, அந்தக் குழந்தைதான் பெரும்பாலும் பள்ளி பஸ்ஸையும் பள்ளியில் கிடைக்கும் மதிய உணவையும் நம்பியிருக்கிறது. ஆகவே நிர்வாகக் குழுவை நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்தப் பதினைந்து நாளும் பஸ் ஓடுமா, சமையலறை திறந்திருக்குமா? பதில் கிடைத்ததும் நாட்காட்டியைப் பற்றிப் பேசலாம்.