கோடிப்பக்கம் நடைபாதை வந்தால்?

[காட்சி: கிளுவை வேலி, அதற்குப் பின்னால் காய்ந்துபோன வாய்க்கால்]

வணக்கம். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு தெரியும்தானே? யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் மழைநீரைக் கூட்டிக்கொண்டுபோய் அராலியில் கடலேரியில் விடும். அப்படியான ஒரு வாய்க்கால் கரையில், சனம் நடக்க ஒரு பாதை போடலாம் என்று பேச்சு வந்தது என்று வையுங்கள். முதலில் எதிர்த்து எழும்பி நிற்பவர்கள் கரையோரத்து வீட்டுக்காரர்கள்தான். ஏன்?

[காட்சி: படலை, பிறகு கிணற்றடி]

யாழ்ப்பாணத்து வளவுக்கு முகம் என்றால் தெருவாசலில் இருக்கும் படலை. வருகிறவர் அங்கே நின்று கூப்பிட வேண்டும். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கோடிப்பக்கம் வேறு உலகம். குளிப்பது, உடுப்புத் தோய்ப்பது, பெண்கள் தலை உலர்த்துவது எல்லாம் கிணற்றடியில். கிடுகாலும் (பின்னிய தென்னோலை) பனையோலையாலும் ஆளுயரத்துக்கு வேலி அடைத்தது அதற்காகத்தான். கரையில் பாதை வந்தால் கோடிப்பக்கமும் தெருப்பக்கமாகிவிடும்.

ஆனால் கூட்டத்தில் யாரும் கிணற்றடியைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். கள்ளன் வருவான், குடித்துவிட்டுக் குந்தியிருப்பார்கள், குப்பை போடுவார்கள் என்றுதான் சொல்வார்கள். கள்ளன் கதையை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஆள் நடமாட்டமில்லாத கரைதான் அவனுக்கு வசதி. குப்பை வேறு விஷயம். இங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். மேலே கொட்டும் அழுக்கு அதன் வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்கு இலகுவாகப் போய்விடும்.

[காட்சி: புதுக் கதியால் நடுதல்]

சரி, இனிக் கொஞ்சம் சங்கடமான கதை. வேலி அடைக்கும்போது கதியால், அதாவது வேலிக்கு நடும் மரத்தடி, ஒரு சாண் தள்ளி ஊன்றப்படுவது இங்கே புதினமா? பக்கத்து வளவென்றால் அன்றைக்கே சண்டை வரும். வாய்க்கால் பக்கம் கேட்க ஆளில்லை. அதனால் சில வேலிகள் சத்தமில்லாமல், வாய்க்காலுக்கென்று அரசு கரையோரம் விட்டுவைத்த ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இறங்கியிருக்கும். "பத்து வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டோம், இனி எங்களுடையதுதான்" என்பார்கள். இலங்கையின் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் அந்தப் 10 வருடக் கணக்கு தனியார் காணிக்குத்தான். அரச ஒதுக்கீட்டில் செல்லாது.

ஆகவே எதிர்ப்புக் கடிதம் எழுதமுன் காணி உறுதிப் பத்திரத்தையும் வரைபடத்தையும் எடுத்து, நில அளவை செய்யும் சேவையரைக் கொண்டு எல்லையை அளந்து பாருங்கள். பாதை ஒதுக்கீட்டுக்குள் மட்டும் போனால் காணி பறிபோகிறது என்ற வாதம் நிற்காது. உங்கள் உறுதிக்காணிக்குள் வந்தால் கதை வேறு: 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவின்படி அறிவித்தல் ஒட்டுவார்கள்; ஆட்சேபனை எழுதிக் கொடுக்கக் குறைந்தது 14 நாள் தரவேண்டும். காணியில் பங்குள்ள, வெளிநாட்டிலிருக்கும் பங்காளிக்கும் அன்றைக்கே அறிவியுங்கள், நாள் போய்விடும்.

[காட்சி: வேலியோரம் அளவுநாடா]

அப்புறம், வேண்டாம் என்று மட்டும் எழுதினால் பதிலும் ஒரு வரியில் வரும். பாதை வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போகும், கரையை உயர்த்தினால் மாரி வெள்ளம் எந்த வளவுக்குள் திரும்பும், விளக்கு எந்தப் பக்கம் பார்க்கும், குப்பையை யார் அள்ளுவது என்று கேளுங்கள். கிணற்றடிக்கு மறைப்பு மதில் யார் செலவில் என்பதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். வருடா வருடம் கிடுகு வாங்கி வேலி அடைக்கிற வீட்டுக்கு அதுதான் முதல் கேள்வி.