ரத்தமே எடுக்காமல் ரத்தத்தில் எவ்வளவு மருந்து என்று சொல்லும் பம்ப்!

வணக்கம் நண்பர்களே!

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளிக்கு மருந்து செலுத்தும் ஒரு சின்ன பம்ப். திரையில் ‘4 நானோகிராம்’ என்று ஓர் எண். நோயாளியின் ஒவ்வொரு மில்லிலிட்டர் ரத்தத்திலும் வலி மருந்து இப்போது இவ்வளவு இருக்கிறதாம். ஒரு கிராமை நூறு கோடித் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுதான் நானோகிராம். சரி, இதைக் கண்டுபிடிக்க எத்தனை சொட்டு ரத்தம் எடுத்தார்கள்? ஒரு சொட்டுகூட இல்லை!

பம்ப் எதையும் அளக்கவில்லை, கணக்குப் போடுகிறது. வயது, எடை, உயரம், ஆணா பெண்ணா... அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான். வரலாறு வேண்டுமா? புரோபோஃபால் மயக்க மருந்துக்காக 1996-இல் இப்படி ஒரு பம்ப் விற்பனைக்கு வந்தது, அவ்வளவுதான்.

‘மயக்கம் கொடுத்தாகிவிட்டது, அப்புறம் வலி மருந்து எதற்கு?’ என்று கமென்ட் வரும் என்று தெரியும். ஆள் தூங்கினாலும் உடம்பு தூங்குவதில்லை. கத்தி பட்டதும் இதயத் துடிப்பு எகிறும், ரத்த அழுத்தம் ஏறும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். (திரையில்: மூன்று தண்ணீர்த் தொட்டிகள்.)

நடுத் தொட்டி ரத்தம். அடியில் ஓர் ஓட்டை, அதாவது கல்லீரல் போன்ற உறுப்புகள் மருந்தைக் கழிக்கும் வழி. ஒரு பக்கம் பெரிய குழாயால் இணைத்த தொட்டி, அது தசை. இன்னொரு பக்கம் மெல்லிய குழாயால் இணைத்த பிரம்மாண்டமான தொட்டி, அது கொழுப்பு. நடுவில் ஊற்றும் மருந்து இரண்டு பக்கமும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் பம்ப் முதலில் ஒரு பெரிய டோஸைச் சட்டென்று தள்ளும். அப்புறம் பக்கத் தொட்டிகள் நிரம்ப நிரம்ப, சில நொடிகளுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். டாக்டர் சொல்வது ‘அளவு 4-இல் நிற்கட்டும்’ என்பது மட்டும்தான்.

பம்பை நிறுத்தினால்? அங்கேதான் கூத்து. கொழுப்பில் தேங்கிய மருந்து ரத்தத்துக்கே திரும்பி வரும். வாங்கிய கடனைக் கேட்காமலே திருப்பித் தருகிற ஒரே பேர்வழி நம் கொழுப்புதான்! ஃபென்டனில் என்ற வலி மருந்தை 1 மணி நேரம் செலுத்தி நிறுத்தினால், ரத்தத்தில் அது அரை மணிக்குள் பாதியாகிவிடும். 8 மணி நேரம் செலுத்தினால் அதே பாதிக்கு 4, 5 மணி நேரம் ஆகலாம். ஒரே மருந்து, ஒரே உடம்பு!

ஆனால் ரெமிஃபென்டனில் என்ற இன்னொரு வலி மருந்து? 1 மணி நேரம் ஓட்டினாலும் 8 மணி நேரம் ஓட்டினாலும் பாதியாக 3, 4 நிமிடம்தான். ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள எஸ்டரேஸ் என்ற நொதிகள் அதை அங்கங்கேயே உடைத்துவிடுகின்றன. கல்லீரலுக்காகக் காத்திருக்கும் வேலையே இல்லை. வேதியியல் வகுப்பில் இந்த நொதிகள் வெட்டும் எஸ்டர் பிணைப்பு வந்தபோது தூங்கியதற்காக இன்றைக்கு வருத்தப்படுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திரையில் தெரிகிற 4 சராசரி மனிதருக்கான 4. உண்மையான அளவு 20, 30 சதவீதம் தள்ளி இருப்பது சகஜம். அதனால்தான் மயக்க மருந்து டாக்டர் துடிப்பையும் அழுத்தத்தையும் பார்த்து எண்ணை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறார். பம்பைத் தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. மூச்சையே அடக்கிவிடும் மருந்து இது.

இன்னொரு சிக்கல். ரெமிஃபென்டனில் போல இவ்வளவு வேகமாகப் போகும் மருந்தோடு வலி நிவாரணமும் போய்விடும். தையல் வலி அப்படியே காத்திருக்கும். அதனால் ஆபரேஷன் முடியும் முன்பே மார்ஃபின் போல நின்று வேலை செய்யும் ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது நரம்பை மரத்துப்போகச் செய்கிறார்கள்.

உங்களுக்கு ஆபரேஷன் நடந்திருந்தால், அதற்கு முன்பு உங்கள் உயரத்தைக் கேட்டார்களா? கமென்டில் சொல்லுங்கள்!